லண்டனில் சாயம் ஏறிய கட்டபொம்மன்

லீவுக்கு பெரியதாழை வந்தால் முதல் வேலை, உப்புக்காத்துல எதெல்லாம் துருப்பிடிச்சிருக்குன்னு பார்ப்பதுதான். இந்த முறை மாமா டிவியில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ பார்த்துக்கொண்டிருந்தார். “நாங்க கொட்டாயில பாத்தப்ப செவப்பு இப்படியாலே இருந்துச்சு? ரோஸ் பவுடர் அப்புன மாதிரில்லா இருக்கு” என்றார். ஞாபகப் பிசகு என்று நினைத்தேன். தேடிப் படித்த பிறகு, அவர் சொன்னதில் வேதியியல் இருப்பது தெரிந்தது.

பி.ஆர். பந்துலுவின் அந்தப் படம் வெளிவந்தது 1959இல். எடுத்தது கேவாகலர் நெகட்டிவில். பிரிண்ட் போட்டது லண்டனில், டெக்னிகலர் முறையில். பாஞ்சாலங்குறிச்சிக்காரருக்கு வெள்ளைக்காரன் ஊரில் சாயம் ஏற்றிய வேடிக்கை இது. நெகட்டிவிலிருந்து மூன்று அச்சுகள் எடுப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு சாயத்தை உறிஞ்சிக்கொண்டு, வெற்றுச் சுருளின்மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிக்கும். துணிக்கு அச்சுக் குத்துவது மாதிரிதான். அந்தச் சாயம் லேசில் வெளுக்காது. அதே காலத்து ஈஸ்ட்மன்கலர் பிரிண்டுகளோ வெளுத்து வெளுத்து, கடைசியில் படம் முழுக்க ரோஸ் நிறமாகிவிடும். மாமா பார்த்த சிவப்பு நிஜமாகவே வேறு சிவப்புதான்.

2015இல் படம் டிஜிட்டலாகி மறுபடி தியேட்டருக்கு வந்தது. என் குறை தொழில்நுட்பத்தின் மேல் இல்லை. எந்தச் சுருளை ஸ்கேன் செய்தார்கள், நிறத்துக்கு எதை ஒப்பிட்டார்கள் என்று சொல்லும் ஒரு கார்டுகூட டிவியில் ஓடிய பிரதியில் இல்லை. முகங்கள் மெழுகாக இருந்தன. இரைச்சலை நீக்கும் கோடு எழுதுகிறவன் என்பதால் சொல்கிறேன்: ஃபிலிமின் மணல்துகளுக்கும் அழுக்குக்கும் வித்தியாசம் அல்காரிதத்துக்குத் தானாகத் தெரியாது. யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். இதே மறுவெளியீட்டு அலையில் சில பழைய படங்களை சினிமாஸ்கோப்பாகவும் மாற்றினார்கள். 1.37 சட்டகத்தை 2.35க்கு வெட்டினால் நாற்பது சதவீதத்துக்கு மேல் படம் போய்விடும். கிரீடமோ காலோ, ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்கணும்.

முடியாத காரியம் ஒன்றுமில்லை. அரவிந்தனின் ‘தம்பு’ (1978) படத்தின் மூல நெகட்டிவ் மிஞ்சவில்லை. புனே ஆவணக்காப்பகத்தில் இருந்த பிரிண்டை வைத்து ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் அதை மீட்டது. வேலையில் ஒரு பகுதி நடந்தது நம்ம சென்னை பிரசாத்தில். மீதி இத்தாலியின் பொலோன்யாவில். 2022இல் கான் விழாவில் திரையிட்டார்கள். சர்க்கஸைப் பார்க்கும் கிராமத்து முகங்களில் துகள் அப்படியே இருக்கிறது, தோல் தோலாகத் தெரிகிறது. சென்னையின் மெஷின்கள் ஒரு மலையாளப் படத்துக்குப் பொறுமையாக உழைத்திருக்கின்றன. தமிழ்ப் படங்களுக்கு அந்தப் பொறுமையை நாம் எப்போது கேட்டோம்? வசூல் எவ்வளவு என்றுதானே கேட்டோம்.

எல்லாவற்றையும் மாமாவிடம் சொன்னேன். அசிடேட் சுருள் சூட்டிலும் ஈரத்திலும் கெட்டால் வினிகர் வாடை வரும் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப அந்த லண்டன் பெட்டியெல்லாம் இப்ப எங்கலே கிடக்கு?”