எழுத்து வரிசையும் மார்கழி வரிசையும்

மொழிப் பாடம் அமைப்போர் முதலில் தீர்க்க வேண்டியது எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே வைப்பது என்னும் கேள்வியே. அதற்குத் தமிழில் கிடைத்த மிக நுட்பமான விடை, ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் நடந்த ஊர்ப் பள்ளிகளில் அரிச்சுவடியை, அதாவது எழுத்துப் பாடத்தை, அடுத்துக் கற்பிக்கப்பட்ட ஔவையாரின் ஆத்திசூடி ஆகும். அறநூலாகவே போற்றப்படும் அந்நூலைப் பாடத்திட்டமாகப் பார்க்கும்போதுதான் அதன் கைத்திறன் முழுதும் புலப்படுகிறது.

உயிர் பன்னிரண்டுக்கும் ஆய்தத்துக்கும் எழுத்துக்கொரு தொடர் முடிந்தபின் பதினெட்டு மெய்களும் அகரம் ஏறி வருகின்றன. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் தமிழ் மரபில் சொல்லுக்கு முதலாகா. எனவே மாணவன் முன்பே கற்றுவிட்ட அகரத்தையோ இகரத்தையோ முன்னிறுத்தி, புதிய எழுத்தை இரண்டாம் இடத்தில் ஔவையார் அமர்த்துகிறார். ஙகரத்துக்கு அந்த வழியையும் விடுத்து, எழுத்தையே உவமைப் பொருளாக்கிவிடுகிறார். அடுத்து விரியும் உயிர்மெய் வரிசைகள் க, ச, த, ந, ப, ம, வ என்னும் ஏழு மட்டுமே. வகர வரிசையிலும் வு, வூ, வொ, வோ என்று சொற்கள் தொடங்குவதில்லை என்பதால் அவ்விடங்களில் உ, ஊ, ஒ, ஓ நிற்கின்றன. பட்டியலை நிரப்புவதற்காக இல்லாத சொல்லைப் படைக்காத இந்த நேர்மை வியக்கத்தக்கது. ஔவையாரின் பிற நூல்களுள் கொன்றைவேந்தன் இதே அகர வரிசையை நீண்ட அடிகளில் மீண்டும் நடத்த, மூதுரையும் நல்வழியும் நான்கடி வெண்பாவுக்கு இட்டுச் செல்கின்றன.

வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாகக் குழந்தைகள் பலர் வளரும் இராஜபாளையத்தில் இவ்வமைப்பின் அருமை கூடுதலாக விளங்கும். இன்றைய தெலுங்கில் ழகரம் இல்லை, ரகர றகர வேறுபாடும் மங்கிவிட்டது. அத்தகைய ஒலியைத் தெரிந்த உயிரெழுத்தின் பின்னே, பொருளுள்ள சொல்லுக்குள் வைத்துக் கேட்கச் செய்வது நாவுக்கும் செவிக்கும் ஒருசேர உதவுகிறது.

ஆயினும் ஆத்திசூடியில் பெரும்பாலும் ஏவலும் விலக்குமே உண்டு. ஒருவர் பேச மற்றவர் மறுமொழி கூறும் உரையாடல் இல்லை. அக்குறையை நிரப்பும் பனுவல் இராஜபாளையத்தை அடுத்த ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பிறந்தது. ஆண்டாளின் திருப்பாவை மொழி கற்பிக்க எழுந்ததன்று. எனினும் மார்கழியில் நாளுக்கொன்றாக முப்பது பாட்டையும் பெரியோர் சொல்லச் சொல்லிப் பழகும் சிறுவர்க்கு அது தேர்ந்த பேச்சுப் பாடமாகிறது. ஆறாம் பாட்டு முதல் பதினைந்தாம் பாட்டு வரை சூழல் ஒன்றுதான், உறங்கும் தோழியை எழுப்புவது. பறவையொலி, தயிர் கடையும் ஓசை, வெளுக்கும் கிழக்கு, எழுந்த வெள்ளி என்று சொல்வளம் மட்டும் பாட்டுக்குப் பாட்டு மாறுகிறது. பதினைந்தாம் பாட்டிலோ அழைப்பு, சிணுங்கல், சீண்டல், விட்டுக்கொடுத்தல், வினா, விடை ஆகிய ஆறும் எட்டே அடிகளில் அடங்குகின்றன. உள்ளிருப்பவள் சொல்வது எது, வெளியே நிற்போர் சொல்வது எது என்று பாட்டு குறிப்பதில்லை, கற்பவரே சொல்லின் தொனியைக் கொண்டு பிரித்தறிய வேண்டும்.