நன்னூல் விலக்கிய மாணாக்கரும் ஊவாத் தோட்டப் பள்ளிகளும்

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் முதலில் நூலின் இலக்கணத்தையும், அதன்பின் ஆசிரியன் இலக்கணத்தையும், பாடஞ் சொல்லும் முறையையும், அவற்றின்பின் மாணாக்கன் இலக்கணத்தையும் வகுத்துரைக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சீயகங்கன் வேண்டுகோளின்படி எழுந்த இந்நூலை, நல்லூர் ஆறுமுக நாவலர் காண்டிகையுரையோடு வெளியிட்டு ஈழநாட்டுப் பாடசாலைகளில் நிலைபெறச் செய்தார். மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகிய எட்டினுக்கு ஒப்பிட்டுத் தலை, இடை, கடை எனப் பகுக்கும் பகுதி நம்மவர் பலருக்கு மனப்பாடம். அதனை அடுத்து, நூல் கற்பித்தற்குத் தகாதார் இவர் என ஆசிரியர் தரும் நிரல் அத்துணை ஆராயப்பெற்றிலது. சோம்பலுடையவன், திருடன், நோயாளி, மாறுபட்டுச் சண்டையிடுவோன், கோபக்காரன், எந்நேரமும் உறங்குவோன், அறிவு மந்தமானவன், கொடுமை செய்ய அஞ்சாதவன், பொய்யும் வஞ்சமும் உடையவன் முதலியோர் அந்நிரலில் அடங்குவர்.

இக்கால உளநூலாரும் ஏறத்தாழ இதே குணங்களை ஒரு நிரலாக எழுதுகின்றனர். ஆறு வயதுப் பிள்ளை பிறரை அடித்தல், பிறர் பொருளைக் கவர்தல், பொய் கூறல், சொற்கேளாமை, வகுப்பில் ஒன்றி இராமை ஆகியவற்றைப் பிற்காலத்துச் சமூக விரோத நடத்தைக்கு முன்னறிகுறிகள் என்கின்றனர். 1993இல் தெரி மொஃபிற் என்னும் உளநூற் பேராசிரியை, தீய நடத்தையுடையாரை இரு வகையாகப் பிரித்தார். இளமையிலே தொடங்கி வாழ்நாள் முழுதும் அதில் நிலைப்போர் சிலர். குமரப் பருவத்திற் சிறிது காலம் வழுவிப் பின் திருந்துவோர் பலர். முதல் வகையாரைத் தொடக்க வகுப்பிலேயே கண்டறிந்து பள்ளி உதவ வேண்டும் என்ற கொள்கைக்கு இப்பகுப்பு வலிமை தந்தது. ஆகவே இரண்டு நிரல்களும் ஒன்றாகத் தோன்றினும் முடிபுகள் மாறானவை. நன்னூல் ‘இவர்க்குக் கற்பியாதே’ என்றது. புதிய கொள்கை ‘இவர்க்கே முதலிற் கற்பி’ என்கின்றது. இவ்விரண்டையும் ஊவா மாகாணத்துத் தோட்டப் பள்ளிகளை உரைகல்லாகக் கொண்டு சீர்தூக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நன்னூலார் மீது குறையுண்டா?

பவணந்தியாரைக் கடிந்துரைத்தல் எளிது; நேர்மையன்று. அவர் பேசுவது, தானே விரும்பி ஆசிரியனை நாடி வந்து இலக்கண நூல் கேட்கும் மாணாக்கனைப் பற்றி. அரசு சட்டமியற்றி ஒவ்வொரு பிள்ளையையும் பள்ளிக்கு அழைக்கும் கட்டாயக் கல்வி அவர் காலத்திலில்லை. இலங்கையில் 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான கட்டாயக் கல்வி விதி 1998இல் நடைமுறைக்கு வந்தது. 2016இல் அவ்வெல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. சட்டத்தால் அழைக்கப்பட்ட பிள்ளையைக் குணங்காட்டி விலக்கும் உரிமை எந்த ஆசிரியர்க்கும் இல்லை.

இன்னொன்றும் நோக்கற்பாலது. நன்னூல் மாணாக்கனை ஆராயுமுன் ஆசிரியனை ஆராய்கின்றது. நல்லாசிரியனை நிலத்துக்கும், மலைக்கும், துலாக்கோலுக்கும், மலருக்கும் உவமிக்கின்றது; ஆசிரியராதற்குத் தகாதாரையும் உவமைகளாற் சுட்டி விலக்குகின்றது. பொறுமை, நடுவுநிலைமை, விரும்பப்படுதல் ஆகியன ஆசிரியன்பால் உளவா என்ற வினாவுக்குப் பின்னரே மாணாக்கனின் குற்றம் பேசப்படுகின்றது. நாமோ முற்பாதியை மறந்து பிற்பாதியை மாத்திரம் கைக்கொண்டோம். ‘இவன் உருப்படான்’ என்று முதலாம் வகுப்பிலேயே முடிவு கட்டும் வழக்கம் நன்னூலின் வழக்கமன்று. நன்னூலைப் பாதியாகப் படித்ததன் விளைவு.

அந்நிரலிலுள்ள ஒரு சொல் தனித்து நோக்கத்தக்கது. ‘ஏழை’ என்பது அது. தமிழில் இச்சொல் அறியாமையுடையானையும் குறிக்கும், வறியவனையும் குறிக்கும். இரு பொருளும் ஒரே சொல்லிற் குடியிருத்தல் மொழியின் இயல்பு. அவ்விரண்டும் ஒரே பிள்ளையின்மேற் சுமத்தப்படுதல் சமுதாயத்தின் குற்றம். தோட்டத்துப் பிள்ளை வறியவனாதலின் அறிவிலி என்றும், அறிவிலியாதலின் அடங்காதவன் என்றும் கருதப்பட்ட வரலாறு நீண்டது.

தோட்டப் பள்ளியின் வரலாறு

கோப்பியும் அதன்பின் தேயிலையும் பதுளை, பசறை, நமுனுகுலை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லாந்தை மலைகளை நிறைத்தபோது தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் லயங்களிற் குடியேற்றப்பட்டனர். அவர்தம் பிள்ளைகளின் கல்வி தோட்டத்துரையின் கடமையென 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைச் சட்டம் விதித்தது. ஆறு முதல் பத்து வயது வரை தாய்மொழியிற் கல்வி தருதல் என்பதே அதன் அளவு. பத்து வயதின் பின் அப்பிள்ளை தொழிலாளியாவான் என்பது சட்டம் சொல்லாமற் சொன்ன பொருள். ஓரறை, ஓராசிரியர், ஐந்து வகுப்பு என்பதே பல இடங்களிற் பள்ளியின் வடிவம்.

1945இல் இலவசக் கல்வி வந்தது; தோட்டப் பள்ளிகளோ அதன் பயனை உடனே பெற்றில. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் அம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். அவர் பிள்ளைகளுக்காகப் பேசும் வாக்குப் பலமும் குன்றியது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு ஏற்றபோதும் தோட்டப் பள்ளிகள் புறத்தே விடப்பட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின், 1977 முதற்கொண்டே அப்பள்ளிகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. எண்பதுகளிற் சுவீடன் நாட்டுதவியால் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் பெருகின. முன்னேற்றம் உண்மை. ஆயினும் ஏனைய பள்ளிகளை விட முப்பது ஆண்டுகள் பிந்தித் தொடங்கிய ஓட்டம் அது என்பதை மறத்தலாகாது.

இவ்வரலாற்றை ஈண்டு எடுத்துரைத்தற்குக் காரணம் உண்டு. காலைப் பிரட்டுக்குத் தாய் செல்ல, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூத்த பிள்ளை தானே எழுந்து, தம்பியைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, மலைப்பாதையில் நடந்து பள்ளி சேர்கின்றது. தாய் வெளிநாட்டுக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற வீடாயின் மாலையிலும் கேட்பாரில்லை. அப்பிள்ளை வகுப்பில் உறங்கினால் நன்னூல் நிரலில் அது உறங்குவோன்; பசியால் எரிந்து விழுந்தால் கோபக்காரன்; பக்கத்துப் பிள்ளையின் பென்சிலை எடுத்தால் திருடன். குணங்களின் பெயரால் எழுதப்படும் இந்நிரலிற் பாதி, வாழ்நிலையின் பெயரால் எழுதப்படவேண்டுவது.

பிறநாட்டுச் சோதனைகள் காட்டுவன

இளமையில் தலையிடுதல் நன்றே என்பதற்கு மேனாட்டு ஆராய்ச்சிகள் சான்றாகக் காட்டப்படும். அவற்றையும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும்.

அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்திற் கேம்பிறிட்ஜ், சமர்வில் என்னும் ஊர்களில் 1939 முதல் 1945 வரை ஒரு பெருமுயற்சி நடந்தது. 506 சிறுவர் இரு கூறாக்கப்பட்டனர். ஒரு கூற்றார்க்கு ஆலோசகர், வீட்டு வருகை, பாட உதவி, வேனில் முகாம் எல்லாம் அளிக்கப்பட்டன, மறுகூற்றார்க்கு ஒன்றுமில்லை. முப்பதாண்டுகளின் பின் ஜோன் மக்கோட் அவர்களைத் தேடி ஆராய்ந்து 1978இல் முடிவு வெளியிட்டார். உதவி பெற்றோர் பெறாதாரினும் பல வகையிற் கீழ்நிலை எய்தியிருந்தனர். மீண்டும் குற்றம் புரிதலும், குடியும், நோயும் அவர்பால் மிகுந்திருந்தன. நடத்தை குன்றிய சிறுவரை ஒருங்கே கூட்டியமையால் ஒருவர் குற்றத்தை மற்றவர் கற்றனர் என்பது பின்னாளில் தரப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. நல்லெண்ணம் மாத்திரம் நற்பயன் தராது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதற்கு மாறாக, மிச்சிகன் மாநிலத்து இப்சிலாந்தியில் 1962இல் தொடங்கிய பெரி முன்பள்ளி, வறிய கறுப்பினக் குடும்பங்களின் 123 பிள்ளைகளைத் தேர்ந்து, அவருள் 58 பேர்க்கு மூன்று நான்கு வயதில் நாள்தோறும் நல்ல வகுப்பும், வாரந்தோறும் ஆசிரியர் வீட்டு வருகையும் அளித்தது. நாற்பது வயதில் அவருள் ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானோர் நூற்றுக்கு 36 பேர். முன்பள்ளி பெறாதாருள் 55 பேர். அங்கே பிள்ளைகள் திருத்தத்துக்கு அன்று, கற்றலுக்கே அழைக்கப்பட்டனர். பால்ட்டிமோர் நகரில் 1985இல் முதலாம் வகுப்புகளில் ஆராயப்பட்ட நன்னடத்தை விளையாட்டும் ஒருவரையும் தனியே பிரித்தெடுக்கவில்லை. வகுப்பு முழுவதும் குழுக்களாகப் பிரிந்து, சில விதிகளைக் கூடிக் காத்து, கூடிப் பாராட்டுப் பெறும். அவருள் மிக முரட்டுத்தனமாயிருந்த ஆண்பிள்ளைகளுக்கே பிற்காலத்தில் அதனால் விளைந்த நன்மை மிகுதி என்று கண்டனர்.

மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பிள்ளையைக் குற்றத்தின் பெயரால் தெரிந்து தனிமைப்படுத்திய முயற்சி தோற்றது. பிள்ளை இருக்கும் வகுப்பையும் வீட்டையும் வளப்படுத்திய முயற்சிகள் வென்றன. எனவே இளமைத் தலையீடு வேண்டும் என்பது மெய். அதன் முதற்படி ஆபத்துப் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் என்பது பொய்.

ஊவாவிற் செய்யத்தக்கன

இம்முடிபு ஊவாத் தோட்டங்களுக்கு மிகவும் பொருந்தும். தோட்டம் சிற்றூர். முதலாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு இட்ட பெயர் மாலைக்குள் லயம் முழுதும் பரவும். தலைவரும் கங்காணியும் கடைக்காரரும் அறிவர். அப்பெயர் அப்பிள்ளை பதினைந்து வயதில் வேலை தேடும்போதும் முன்சென்று நிற்கும்.

ஆதலின் முதற்கண் வேண்டுவது, பிள்ளை மடுவத்துக்கும் முதலாம் வகுப்புக்கும் இடையே ஒரு பாலம். பிள்ளை மடுவங்கள் தோட்டக் கம்பனிகளையும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தையும் சார்ந்தன. பள்ளி கல்வித் திணைக்களத்தைச் சார்ந்தது. ஒரே பிள்ளையை இரு நிருவாகங்கள் அடுத்தடுத்து ஏற்கின்றன. பிள்ளையைப் பொறுப்பேற்கும் ஆசிரியர், அதனை நான்காண்டு வளர்த்த மடுவப் பொறுப்பாளரோடு ஒரு நாள் அமர்ந்து பேசுவதற்குச் செலவில்லை. இரண்டாவது, வரவுப் பதிவேடு. மூன்று நாள் வாராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் ஒருவர் செல்வாராயின், அதுவே எந்த உளச்சோதனையினும் சிறந்த கருவி. மூன்றாவது, எழுத்தறிவு. வாசிக்க இயலாத பிள்ளைக்கு வகுப்பு நாள்தோறும் நேரும் அவமானம். அவமானத்தை மறைக்கும் வழிகளுள் முரட்டுத்தனம் ஒன்று. மூன்றாம் வகுப்பு முடியுமுன் ஒவ்வொரு பிள்ளையும் தமிழை வாசித்தல் ஒழுக்கக் கல்வியின் பகுதியேயாம். நான்காவது, பிரம்பை விலக்குதல். கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடுத்துள்ளது. அடியால் அடக்கப்படும் பிள்ளை அடித்தலையே கற்கும்.

இவையெல்லாம் ஆசிரியர் நிலைத்திருந்தாலன்றி நடவா. பட்டணத்துக்கு மாற்றம் பெறும் நாளை எண்ணியிருப்பவர் எந்தப் பிள்ளையின் வளர்ச்சியையும் காணமாட்டார். நிலம்போற் பொறுத்தல் என நன்னூலார் கூறியது, அம்மலையில் ஆண்டுகள் சில தங்குதலையும் உள்ளடக்கும்.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். வறுமை நீங்காதபோது வகுப்பறை விளையாட்டால் ஆவதென்ன என்பர் சிலர். கூலியும் வீடும் காணியும் உரிமைகள். அவற்றுக்குப் பள்ளி ஈடாகாது என்பதை உடன்படுகின்றோம். ஆயினும் அவை வரும்வரை ஆறு வயது காத்திராது. வேறு சிலர், பெயர்ப்பட்டியல் இன்றேல் மிக இடர்ப்படும் பிள்ளைக்குத் தனியுதவி எங்ஙனம் கிட்டும் என்பர். தனியுதவி வேண்டுவதே. அது வகுப்பு முழுவதற்குமான உதவியின் பின், பெற்றோரின் உடன்பாட்டோடு, அவர்க்கு விளங்கும் தமிழில், வெளியார் அறியாவாறு தரப்படுக. நன்னடத்தை அலுவலரும் பொலீசாரும் இறுதி வாயில். முதல் வாயில் அல்லர். குற்றப் பொறுப்புக்குரிய வயதை எட்டிலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கருத்தும் இதுவே.

சமூக விரோதி யார்?

‘சமூக விரோதம்’ என்ற தொடரை வறிய பிள்ளையின்மீதே வீசுமுன் ஊவா மக்கள் ஒன்றை நினைவுகூர்தல் தகும். பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவவிற் புனர்வாழ்வு நிலையம் ஒன்று இருந்தது. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் நாள் பெருங்கூட்டமொன்று அதனுட் புகுந்து, அங்கே வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞருள் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. திருத்தப்படவேண்டியவர் என அரசு பெயரிட்டு அடைத்தவர்கள் மாண்டனர். கொன்றோர் அவ்வாறு பெயரிடப்படாத, பள்ளிகளிற் பயின்று வெளிவந்த மாந்தர். பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணரும் பயிற்சி லயத்துப் பிள்ளைக்கு மட்டும் உரியதன்று, எல்லாப் பள்ளிக்கும் எல்லா மொழியினர்க்கும் உரியது என்பதற்கு அந்நாள் சான்று.

முடிவாக, இக்கல்லூரியிலிருந்து ஆசிரியத் தொழிலுக்குச் செல்லும் மாணவர் சிலராவது மலைநாட்டுக்கு அனுப்பப்படுவர். அவர் கையில் நன்னூல் இருக்கட்டும். மாணாக்கனைப் பற்றிய பகுதியைப் பிரிக்குமுன் ஆசிரியனைப் பற்றிய பகுதியைப் படிக்கட்டும். பின்னர்ப் பவணந்தியார் விலக்கிய நிரலை எடுத்து, அதில் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வகுப்பில் முதல் வரிசையில் இடங்கொடுக்கட்டும்.