அடிச்சுரம் இல்லாத வயலின்

மேற்கத்தைய சாஸ்திரீய இசை என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது பெரும் வாத்தியக்குழுதான். ஒரு மனிதர், ஒரு வயலின், பக்கத்தில் ஒரு சுருதிப்பெட்டிகூட இல்லை என்றால் அதை எப்படிக் கேட்பது? இந்தத் தயக்கத்துடனேயே, நதன் மில்ஸ்ரைன் 1973இல் லண்டனில் பதிவுசெய்த பாஹின் தனிவயலின் படைப்புகளை (மூன்று சொனாற்றாக்கள், மூன்று பார்ற்றீற்றாக்கள்) நாம் கேட்கத் தொடங்கினோம்.

யோஹான் செபஸ்தியான் பாஹ் தன் கைப்பிரதியின் முகப்பில் 1720 என ஆண்டிட்டு, 'அடிச்சுரத் துணையின்றி' என்று இத்தாலிய மொழியில் குறித்துவைத்தார். அக்கால இசைக்கு அடிச்சுரமே அத்திவாரம். அதை எடுத்துவிட்டார். ஆனால் அது இல்லாமற் போய்விடவில்லை. நான்கு தந்திகளையும் வில் ஒரேநேரத்தில் நீடித்துப் பிடிக்க முடியாது. கீழ்த்தந்திகளைத் தொட்டுவிட்டு மேலே போய்விடுகிறது. விட்டுவந்த சுரத்தைக் கேட்பவரின் செவிதான் காத்துவைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் பார்ற்றீற்றாவின் இறுதியில் வருகிறது ஷக்கோன். ஒரு சிறு வடிவம் அறுபது தடவைக்கு மேலாக உருமாறி உருமாறித் திரும்புகிறது. இதனோடு ஒரு கதையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1720 ஜூலையில், பாஹ் தன் இளவரசருடன் கார்ல்ஸ்பாட் சென்றிருந்தபோது மனைவி மரியா பார்பரா இறந்துபோனார். அவர் வீடு திரும்பியபோது அடக்கமும் முடிந்திருந்தது. ஆகவே ஷக்கோன் அவளுக்கான ஒப்பாரி என்கிறார்கள். இதற்குச் சான்று இல்லை. ஆண்டு ஒன்றாயிருப்பது மட்டுமே. என்றாலும், ஊரில் நடந்த சாவுகளைத் தொலைபேசியில் கேட்டு, செத்தவீட்டுக்குப் போக முடியாதிருந்த நமக்கு இக்கதையை நம்பிவிட ஆசை வருகிறது.

மில்ஸ்ரைன் அந்த ஆசைக்கு இடங்கொடுக்கவில்லை. ஒடெசாவில் பிறந்து, 1925இல் சோவியத் நாட்டைவிட்டுக் கச்சேரிக்கெனப் புறப்பட்டு, திரும்பிச் செல்லாதவர் அவர். இந்தப் பதிவின்போது வயது 69. அவருடைய ஷக்கோன் அழுவதில்லை. இழுத்து நிறுத்திக் கேட்பவரை உருக வைப்பதுமில்லை. தாளம் தளராமல் நடக்கிறது. நடுவே இசை டி மேஜருக்கு மாறும் இடத்தில் பலர் ஆறுதலைத் தூக்கிக் காட்டுவார்கள். இவரோ நடையை விடாமலே கடந்துசெல்கிறார். பிறகு பழைய நிறம் திரும்பும்போதுதான், இடையில் வந்துபோனது எவ்வளவு குறுகியது என்பது நமக்கு உறைக்கிறது.

குறையே இல்லையென்று சொல்லமாட்டோம். பார்ற்றீற்றாக்கள் அடிப்படையில் நடனங்கள். சிகிஸ்வால்ட் கொய்க்கன் 1981இல் பறோக் வயலினில் பதிவுசெய்தபோது அந்த நடனங்களுக்குக் கிடைத்த மூச்சும் மண்வாசனையும் மில்ஸ்ரைனிடம் இல்லை. அவருடைய நேர்த்தி சிலவேளை அவற்றை மேட்டுக்குடி வரவேற்பறையில் இருத்திவிடுகிறது.

ஆயினும் ஷக்கோனுக்காக நாம் மீண்டும் இவரிடமே வருகிறோம். துயரத்தை எழுதும்போது கண்ணீரை முன்கூட்டியே ஊற்றிவிடும் பழக்கம் நமது புகலிட எழுத்தில் மலிந்துபோயிருக்கிறது. வாசகருக்கு எதையும் விட்டுவைப்பதில்லை. இந்த இசைத்தட்டில் ஏறக்குறைய பதினான்கு நிமிடம், கேட்பவரும் வேலைசெய்ய வேண்டியிருக்கிறது. நமது எழுத்தாளர்கள் ஒருமுறை உட்கார்ந்து கேட்கலாம்.