கட்டத்தாளில் ஒரு நிலவறை

1981இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த 'விசார்ட்ரி' விளையாட்டில் வரைபடமே கிடையாது. 20க்கு 20 கட்டம் கொண்ட 10 தளங்கள். கட்டத்தாளும் பென்சிலும் நம் பொறுப்பு. ஒவ்வோர் அடிக்கும் ஒரு கட்டம், சுவருக்கு ஒரு கோடு. வில்லங்கம் என்னவென்றால், சில கட்டங்களில் கால் வைத்ததும் ஆளையே சுழற்றி வேறு திசை பார்க்க விட்டுவிடும். கிழக்கு ஓரத்தைத் தாண்டினால் மேற்கு ஓரத்தில் முளைப்போம். தாளில் கோடும் கோடும் ஒட்டாதபோதுதான் ஏமாந்தது புரியும். அப்போது 'டுமாபிக்' மந்திரம் போட்டால், படிக்கட்டிலிருந்து எத்தனை கட்டம் தள்ளி நிற்கிறோம் என்று சொல்லும். வரைபடம் தானாகவே வந்துவிட்டால் இந்தத் திருட்டுத்தனம் எதுவும் பலிக்காது.

அதற்காக எல்லோரும் கட்டத்தாள் வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். வேலை முடிந்து ராத்திரி அரை மணி நேரம் ஆடுபவருக்கு அது தண்டனை. 2007இல் நின்டெண்டோ டிஎஸ்ஸில் வந்த 'எட்ரியன் ஒடிசி' செய்த ஏற்பாடுதான் எனக்குப் பிடித்தது: மேல்திரையில் காடு, கீழ்த்திரையில் கட்டம். நடந்த தரைக்கு, வேண்டுமென்றால், அதுவே வண்ணம் பூசும். சுவர், கதவு, படிக்கட்டெல்லாம் ஸ்டைலஸால் நாமே போட வேண்டும். பழைய பாணியில் இன்று விளையாட்டு செய்பவர்கள் இதைக் கூச்சமில்லாமல் காப்பியடிக்கலாம்.