ஜெஃப் பெக்கின் கிதாரும் 64 பேரும்

1968-இல் பிரெஞ்சுக்காரர் போல் மொரியாவின் இசைக்குழு வாசித்த ‘லவ் இஸ் ப்ளூ’ அமெரிக்கப் பட்டியலில் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. ஹார்ப்சிகார்டும் வயலின்களும் காதை மெல்ல வருடும் இசை அது. அதே ஆண்டு, அதே மெட்டை இங்கிலாந்தில் ஜெஃப் பெக் கிதாரில் வாசித்தார். தயாரிப்பாளர் மிக்கி மோஸ்டின் யோசனை. யார்ட்பேர்ட்ஸ் ராக் குழுவில் கிதாரை அலறவிட்டுப் பெயரெடுத்த பெக்குக்கு அந்தப் பதிவு பிடிக்கவே இல்லை.

42 ஆண்டுகள் கழித்து, இம்முறை விரும்பியே, அவர் அந்த மெல்லிசை வழிக்குத் திரும்பினார். 2010-இல் வெளிவந்த ‘எமோஷன் அண்ட் கமோஷன்’ தொகுப்பில் 64 பேர் கொண்ட இசைக்குழு பின்னணியில் நிற்க, ‘ஓவர் த ரெயின்போ’வும் புச்சீனியின் ஆபரா பாடலான ‘நெஸ்ஸுன் டோர்மா’வும் பாட்டுக் குரல் இல்லாமல் ஒலித்தன.

இதற்குத் துணிய அவரிடம் காரணம் இருந்தது: அவருடைய வலக்கை. 1980களிலேயே கம்பி மீட்டும் சிறு தகடான பிக்கை விட்டு வெறும் விரலால் மீட்டத் தொடங்கிவிட்டார். சுண்டுவிரல் ஒலியளவுக் குமிழைத் திருப்ப, சுரம் மௌனத்திலிருந்து மூச்சுப்போல எழும். உள்ளங்கை கிதாரின் ட்ரெமொலோ நெம்புகோலை அழுத்தி விட, இரண்டு சுரங்களுக்கு நடுவே ஒலி வழுக்கிச் செல்லும். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த வழுக்கலின் அருமை உடனே புரியும். ‘ரெயின்போ’வின் தொடக்கமே ஒரு முழு ஸ்தாயித் தாவல். இப்படிப்பட்ட இடங்களுக்கென்றே பிறந்தது பெக்கின் கை.

‘நெஸ்ஸுன் டோர்மா’ கிராமி விருது வாங்கியது. ஆனாலும் தொகுப்பின் பலவீனமான இடம் அதுதான். பாடலின் முடிவில் வரும் உச்ச சுரத்தைத் தொட ஒரு டெனார் பாடகர் உடம்பையே பணயம் வைக்கிறார். எட்டுமா எட்டாதா என்று அரங்கமே மூச்சை அடக்கிக் காத்திருக்கும். கிதாரில் அது கைக்கெட்டிய சுரம். ஆபத்து நீங்கியதும் அந்த உச்சத்தில் எஞ்சுவது சத்தத்தின் பெருக்கம் மட்டுமே.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. மொரியாவின் பதிவில் இசைக்குழுவே கதை சொல்லும். மெட்டு ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் நிறம் மாறும். மெல்லிசை என்று ராக் ரசிகர்கள் ஒதுக்கிய அந்த வகையின் உண்மையான கலை அந்த இசைக்கோர்ப்பில்தான் இருந்தது. பெக்கின் தொகுப்பிலோ மெட்டைக் கிதார் விட்டுக்கொடுப்பதே அரிது. கிதார் ஏறினால் வயலின்கள் பெருகுகின்றன, இறங்கினால் அடங்குகின்றன. 64 பேருக்குச் சொல்ல வேறெதுவும் இல்லையா என்ற ஏக்கம் வருகிறது. நடுவே ‘ஹாம்மர்ஹெட்’ போன்ற முரட்டு ராக் உருப்படிகள் புகுந்து, சேர்ந்துவந்த மனநிலையையும் கலைக்கின்றன.

விதிவிலக்கு, முதலில் வரும் ‘கார்ப்பஸ் கிறிஸ்டி கேரல்’. பாடகர் ஜெஃப் பக்லி 1994-இல் மெலிந்த உச்சக்குரலில் பாடியதைக் கேட்டுப் பெக் எடுத்துக்கொண்டது. மூன்று நிமிடம்கூட இல்லை. வயலின்கள் நீண்ட சுரங்களைத் தாழ்வாகப் பிடித்து நிற்கின்றன. பெருகிக் காட்டும் அவசரம் அவற்றுக்கு இல்லை. அந்த வெளியில் கிதார் ஒவ்வொரு சுரத்தையும் தயங்கித் தொட்டு, நடுங்கி, விடுகிறது.