வேலி தாண்டும் விழா

ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர்ப் பகுதியிலே, செல்ட்டனம் நகரை அடுத்துள்ள பிரெஸ்ட்பரி வெளியில், நான்கு நாள்கள் குதிரைப் பந்தய விழா ஒன்று நடைபெறுகின்றது. சமதரையில் ஓடும் பந்தயமன்று இது. வேலிகளையும் தடைகளையும் தாண்டி ஓடும் பந்தயம். நான்கு நாள்களிலும் 28 பந்தயங்கள் ஓடப்படும். அவற்றுள் தலையாயது தங்கக் கிண்ணப் பந்தயம். மூன்று மைலுக்கு மேற்பட்ட தூரம், 22 வேலிகள், ஈற்றில் களைத்துப்போன குதிரை ஏறித்தீரவேண்டிய மேடு. அதன் மொத்தப் பரிசுப்பணம் அண்மைக் காலத்தில் 625,000 பவுணாக இருந்துள்ளது.

இவ்விழாவைப் பற்றி எழுதுவோர் கையாளும் வாய்பாடு ஒன்றுண்டு. கிளீவ் குன்றின் பசுமை, வசந்தத்தின் வரவு, பந்தயம் தொடங்கும் வேளையில் எழும் ஆரவாரம் ஆகியவற்றை வருணித்து, பிரபுவும் பண்ணையாளும் பேதமின்றித் தோளோடு தோள் நிற்கும் இடம் இதுவென முடிப்பர். இக்கூற்று எவ்வளவிற்கு உண்மை என்பதே நமது வினா. கடல் கடந்த சீமான்களின் களியாட்டம் நமக்கெதற்கு என நண்பர் சிலர் கேட்கக்கூடும். ஆங்கிலேயப் பந்தயங்களின்மீது பணங்கட்டும் வழக்கம் நம் நாட்டுப் பந்தயக் கடைகளில் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. கிளீவ் குன்றை என்றுமே கண்டிராத நாட்கூலித் தொழிலாளி, அக்குன்றின் அடிவாரத்தில் ஓடும் குதிரைகளின் பெயரைச் சொல்லுவான். அவன் அறிந்த பொருளை நாம் ஆராயாது விடுதல் முறையன்று.

முதலில் வேலியை நோக்குவோம். 1752 இல் அயர்லாந்தின் கோர்க் பகுதியில் இருவர் பந்தயங்கட்டிக்கொண்டு, பட்டவன்ட் தேவாலயத்திலிருந்து டொனரெயில் தேவாலயக் கோபுரத்தைக் குறியாக வைத்துக் குதிரையோட்டினர் என்றும், கோபுரத்தை நோக்கிய ஓட்டமாதலின் ஸ்டீப்பிள்சேஸ் எனும் பெயர் பிறந்தது என்றும் மரபுரை கூறும். கதை சுவையானதே. ஆயின் கோபுரம் பெயரைத் தந்ததேயன்றி வேலியைத் தரவில்லை. வேலியைத் தந்தது வேறொன்று. 1604 முதல் 1914 வரையுள்ள காலப்பகுதியில் ஆங்கிலேயப் பாராளுமன்றம் 5,200 க்கு மேற்பட்ட நில அடைப்புச் சட்டங்களை இயற்றியது. ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் நிலம் அவற்றால் அடைக்கப்பட்டது. ஊர்ப் பொதுவில் தன் ஒற்றைப் பசுவை மேயவிட்டவனும், அங்கு விறகு பொறுக்கி அடுப்பெரித்தவளும் ஒரு சட்டத்தின் வாசகத்தால் அந்நியராயினர். திறந்து கிடந்த வயல்வெளி எங்கணும் முட்செடி வேலிகள் எழுந்தன. நரிவேட்டைக்குப் புறப்பட்ட நிலக்கிழார், முன்னர் வெட்டவெளியில் விரட்டிச் சென்ற குதிரையை இப்போது வேலிக்கு மேலாகத் தாண்டப் பழக்கவேண்டியவராயினர். தாண்டத்தெரிந்த குதிரைக்கு மதிப்பேறிற்று. மதிப்பேறியதும் போட்டி பிறந்தது. ஏழையை வெளியே நிறுத்துவதற்கு இட்ட வேலி, நிறுத்தியவருக்கே விளையாட்டுக் களமாகவும் அமைந்தது. வேலிச் சண்டையில் வழக்காடித் தலைமுறைகளைத் தொலைத்த யாழ்ப்பாணத்து வாசகருக்கு, வேலியென்பது வெறுங் கதியாலும் கிடுகும் அன்று என நாம் விளக்கத் தேவையில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நில அடைப்பிற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'என்க்ளோஷர்' எனுஞ் சொல்லே, பந்தயத் திடலில் பார்வையாளரைக் கட்டணத்திற்கேற்பப் பிரித்து நிறுத்தும் பகுதிகளுக்கும் பெயராக வழங்குகின்றது. உயர்ந்த கட்டணம் செலுத்தியவர் நிற்கும் பகுதி வேறு. குறைந்த கட்டணக்காரர் நிற்கும் பகுதி வேறு. தோளோடு தோள் எனும் வாய்பாட்டினை எழுதிய பேனாக்கள் இச்சொல்லின் வரலாற்றை எண்ணிப் பார்த்தனவாகத் தெரியவில்லை.

கலையும் இம்மறைப்பிற்குத் துணைநின்றது. 1839 இல் ஹென்றி ஆல்க்கன் எனும் ஓவியர் 'வரலாற்றிற் பதிவான முதல் ஸ்டீப்பிள்சேஸ்' எனும் படத்தொகுதியை வெளியிட்டார். இப்சுவிச் நகரிலிருந்த குதிரைப்படை அதிகாரிகள் 1803 இல் நள்ளிரவில், சீருடைமேல் இரவுச்சட்டை தரித்து, நிலவொளியில் வேலி தாண்டிச் சென்றனராம். அப்படி ஓர் ஓட்டம் நடந்ததற்குத் தக்க சான்றில்லை. எனினும் படங்கள் விலைபோயின. ஆங்கில விடுதிச் சுவர்களை அவை நெடுங்காலம் அலங்கரித்தன. அப்படங்களில் வேலி உண்டு, நிலவும் உண்டு. வேலியை நட்டவன் இல்லை.

அதே 1839 இல் செல்ட்டனத்தில் நிகழ்ந்தது யாது? இவ்விடத்தில் பிரான்சிஸ் குளோஸ் எனும் குருவானவரைப் பற்றிக் கூறுதல் வேண்டும். 1826 முதல் முப்பதாண்டுகள் அந்நகரின் பங்கை ஆண்ட இவர், 1827 இல் பந்தயத்தின் தீமைகளைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தார். அக்காலத்தில் பந்தயம் கிளீவ் குன்றின் மேல் நடந்துவந்தது. எதிர்ப்பு வலுத்து, 1830 இல் பார்வையாளர் மேடை தீக்கிரையாகியது. மறுவருடம் பந்தயம் பிரெஸ்ட்பரிக்கு இறங்கிவந்தது. நாடகத்தையும் ஞாயிற்றுக்கிழமைப் புகையிரதத்தையும் இவர் எதிர்த்தார். இதனை வாசிக்கும் முற்போக்கு நண்பர், சூதாட்டத்தை எதிர்த்த ஒருவர் எனக் குளோசுக்குக் கைகொடுக்க விரும்பலாம். சற்றுப் பொறுக்குக. 1839 ஆகஸ்டில் வாக்குரிமை கோரிய சாட்டிஸ்டுத் தொழிலாளர் அணியாக வந்து அவருடைய தேவாலயத்தை நிறைத்தனர். அடுத்த வாரம் சாட்டிஸ்டுப் பெண்கள் வந்தமர்ந்தனர். இரு தடவையும் குளோஸ் அவ்வியக்கத்தைக் கண்டித்தே பிரசங்கித்தார். அவருக்குச் சூது மட்டுமன்று, ஏழை மக்கள் தம் விருப்பப்படி கூடுதலே பாவமாகத் தோன்றிற்று. விழாவை நோக்கி நாம் வைக்கும் விமர்சனம் இவருடையதன்று. மக்கள் கூடிக் களித்தலில் நமக்கு மறுப்பில்லை. மழையில் நனைந்த புல்வெளியில் ஒரு குதிரை தன் தூரத்தைக் கணித்து எழும்பும் அக்கணத்தின் அழகினை மறுப்பவன் கண்ணிருந்தும் குருடனே.

அழகில் மயங்குவோருக்கு நியாயமும் உண்டு. 1964, 1965, 1966 ஆகிய மூன்றாண்டுகளும் தங்கக் கிண்ணத்தை வென்ற ஆர்க்கிள் எனும் குதிரையை அயர்லாந்து மக்கள் தமது வீரனாகவே போற்றினர். நூற்றாண்டுகளாக ஆங்கிலேய ஆதிக்கத்தில் நைந்த ஓர் இனத்தின் சிறு கமக்காரன், ஆங்கிலேயரின் திடலிலேயே ஆங்கிலேயக் குதிரைகள் பின்தங்குவதைக் கண்டு நிமிர்ந்தான். அவ்வுணர்ச்சி பொய்யன்று. ஆனால் ஆர்க்கிளின் உரிமையாளர் யார்? இங்கிலாந்தின் பெருஞ்செல்வக் குடும்பங்களுள் ஒன்றின் பட்டத்தைத் தாங்கிய வெஸ்ட்மின்ஸ்டர் சீமாட்டி. உணர்ச்சி கமக்காரனுக்கும் கிண்ணம் சீமாட்டிக்கும் என்றாயிற்று.

சட்டமும் இவ்விதமே பங்கிட்டது. 1906 ஆம் ஆண்டின் தெருப்பந்தயச் சட்டம், தெருமுனையில் சில பென்னி கட்டிய தொழிலாளியைக் குற்றவாளியாக்கியது. கணக்கு வைத்துக் கடனில் பந்தயங்கட்டிய கனவானை அது தீண்டவில்லை. 1961 மே மாதத்தில் பந்தயக் கடைகள் சட்டப்படி திறக்கப்பட்டன; அவ்வாண்டே பந்தயத் தரகரின் வருவாயில் ஒரு பகுதியைப் பந்தயத் துறைக்கு அளிக்கும் தீர்வை முறையும் வந்தது. கடையில் தோற்றவனின் சில்லறை, சுற்றிவந்து வென்ற குதிரையின் உரிமையாளரது பரிசிற் சேர்கின்றது.

இலக்கியத்திற்கு வருவோம். ஜோர்ஜ் மூர் 1894 இல் எழுதிய 'எஸ்தர் வாட்டர்ஸ்' சமதரைப் பந்தய உலகைக் களமாகக் கொண்ட நாவல். பந்தயக் குதிரை வளர்க்கும் மாளிகையொன்றில் சமையலறைப் பணிப்பெண்ணாகச் சேர்பவளே அதன் நாயகி. குதிரைகளில் ஊறிய அயர்லாந்து நிலக்கிழார் குடும்பத்திலே பிறந்த மூர், மேடையிலிருந்து பாராது அடுப்படியிலிருந்து பந்தயத்தைப் பார்த்தார். அதுவே அந்நாவலின் வெற்றி. வேலி தாண்டும் பந்தயத்தைப் பரந்த வாசகருக்கு அறிமுகஞ்செய்தவரோ டிக் பிரான்சிஸ். 1953-54 பருவத்தின் முதன்மை ஜொக்கி. 1956 கிராண்ட் நஷனல் பந்தயத்தில் அரச அன்னையின் டெவன் லொக் வெற்றிக்கோட்டின் அருகே சரிந்தபோது அதன்மேல் இருந்தவர். 1962 இல் வெளிவந்த 'டெட் சேர்ட்' முதலாக அவர் எழுதிய துப்பறியும் நாவல்களில் விடியற்குளிரும், முறிந்த காறையெலும்பும், எடைகுறைக்கப் பசித்திருத்தலும் அனுபவத்தின் உண்மையோடு வருகின்றன. அவரை நாம் விரும்பி வாசிக்கலாம். ஆனால் அவருடைய உலகில் தீமை எப்பொழுதும் ஒரு தீயவனின் வடிவிலேயே வருகின்றது. அவன் பிடிபட்டதும் பந்தயம் தூய்மையடைந்து விடுகின்றது. லாயத்துச் சம்பளத்தைத் துப்பறிய அவருடைய நாயகர் எவரும் புறப்படவில்லை.

குதிரைகளுக்கு நேர்வதையும் கூறவேண்டும். 2018 விழாவில் ஆறு குதிரைகள் மாண்டன; அவற்றுள் மூன்று ஒரே பந்தயத்தில். பந்தய ஆட்சிச்சபை விசாரணை நடத்தி 17 பரிந்துரைகளை வெளியிட்டது. இதனினும் நம்மைச் சிந்திக்க வைப்பது வேறொரு செய்தி. பிரித்தானியத் திடல்களில் வேலிகளின் அடிப்பலகையும் தடைகளின் மேற்சட்டமும் பல்லாண்டுகளாகச் செம்மஞ்சள் நிறத்தில் இருந்தன. குதிரைக்குத் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதே நோக்கம். எக்செற்றர் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தபோது, குதிரையின் கண் இரு வண்ண உணர்வே உடையதாதலின், பச்சைப் புல்லின் நடுவே செம்மஞ்சள் அதற்கு எடுத்துக்காட்டாது எனக் கண்டனர். பளிச்சிட்டுத் தெரிந்தது மனிதக் கண்ணுக்குத்தான். 2022 முதல் படிப்படியாக வெள்ளை நிறத்திற்கு மாற்றினர். குதிரையை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்ட ஒரு துறைக்கு, குதிரை எதைக் காண்கின்றது எனக் கேட்க இத்தனை காலம் சென்றது.

உழைப்போரின் கண்ணிலிருந்து நோக்குதற்கோ இன்னும் காலமாகவில்லைப் போலும். 1966 வரை பெண்ணொருத்தி குதிரை பழக்கினாலும், அனுமதிப் பத்திரம் அவளுடைய தலைமை லாயக்காரனின் பெயரிலேயே கிடைக்கும். புளோரன்ஸ் நேகிள் எனும் மூதாட்டி நீதிமன்றம் சென்றே ஜொக்கிக் கழகத்தைப் பணியவைத்தார். 2022 இல் ரேச்சல் பிளாக்மோர் தங்கக் கிண்ணத்தை வென்ற முதற் பெண் ஆனபோது பத்திரிகைகள் கொண்டாடின. நேகிளை நினைவுகூர்ந்தவர் சிலரே. 1975 இல் நியூமார்க்கெட்டில் லாயத் தொழிலாளர் கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்து திடலை மறித்தவேளை, பந்தயம் பார்க்க வந்த கனவான்கள் அவர்களோடு கைகலந்தனர். தோளோடு தோள் எனும் வாய்பாடு அன்று அவ்வாறு பொருள்பட்டது.

2020 மார்ச்சு 11 இல் உலக சுகாதார நிறுவனம் கோவிட் நோயைப் பெருந்தொற்றென அறிவித்தது. செல்ட்டனத்தில் அன்று விழாவின் இரண்டாம் நாள். பந்தயம் நிறுத்தப்படவில்லை, நான்கு நாள்களிலுமாக ஏறத்தாழ 250,000 பேர் நுழைந்தனர். அடுத்த ஆண்டு வாயில் அடைத்து, பார்வையாளரின்றி விழா நடந்தது. அப்பொழுதும் ஜொக்கிகள் விழுந்தெழுந்தனர். லாயத் தொழிலாளர் இருளில் எழுந்து தீனி வைத்து, குதிரையைத் தேய்த்து, கடிவாளம் பற்றி வலம்வந்தனர். பந்தயங்கள் 28 இல் 23 ஐ அயர்லாந்து லாயங்கள் வென்றன என்பது பதிவேட்டில் உள்ளது. அவ்வேட்டில் குதிரைக்கும் உரிமையாளருக்கும் பயிற்சியாளருக்கும் ஜொக்கிக்கும் நிரல்கள் உண்டு. கடிவாளம் பற்றியவருக்கு நிரலில்லை.