உயரமான டெலிகா

வான்கூவர் பக்கம் வலப்புற ஸ்டீயரிங்கோடு, உயரமாக, கொஞ்சம் கோமாளித்தனமாக ஒரு பழைய வேன் போனால் அது பெரும்பாலும் மிட்சுபிஷி டெலிகா. 15 வயதைத் தாண்டிய ஜப்பான் வண்டிகளைக் கனடா உள்ளே விடுகிறது. அமெரிக்காவில் 25 ஆகவேண்டும்.

1994இல் வந்த ஸ்பேஸ் கியர் மாடல்தான் எனக்குப் பிடித்தது. பஜேரோ எஸ்யூவியின் உறுப்புகள், குடும்ப வேனின் உடம்பு. வாரநாளில் பின்சீட்டை மடக்கி ஏணியும் பெயின்ட் டப்பாவும் ஏற்றலாம். சனிக்கிழமை அதே இடத்தில் மெத்தை. சூப்பர் செலக்ட் என்ற நான்கு சக்கர இயக்க அமைப்பு இருந்தால் காய்ந்த தார்ச்சாலையிலும் நான்கு சக்கரங்களையும் இயக்கலாம். முன்பின் சக்கரங்களின் வேக வித்தியாசத்தை நடு டிஃபரென்ஷியல் சமாளித்துக்கொள்ளும். சேறு வந்தால் அதைப் பூட்டிவிட்டு லோ கியரில் ஊர்ந்துவிடலாம்.

வாங்கும்போது கூரைக் கண்ணாடியில் மயங்கவேண்டாம். குனிந்து அடிப்பாகத்தைப் பாருங்கள். சாலை உப்பால் பிடித்த துரு அங்கேதான் இருக்கும். டீசலா? ஆறிய இன்ஜினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுவது நியாயம். 2.8 லிட்டர் இன்ஜின் அளவுமீறிச் சூடானால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடக்கூடும். ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால் பேரமே பேசாமல் கிளம்பலாம்.

டிரைவ்-த்ரூவில் காபி வாங்க மட்டும் பக்கத்து சீட்டில் ஓர் ஆள் வேண்டும்.